வாசிப்புக் கூடத்துச் சுவர்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்ததும் உனக்கு வேறொரு அழைப்பு வந்துவிடுகிறது. கடிதத்தை யாரும் நடுவில் துண்டிக்க முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நூலகங்களை விரிவாக்கிப் புதுப்பிக்கிறோம் என்று உங்கள் கட்டடத் துறை கிளம்பி ஏழு மாதம் ஆகிறது. பஸ் நிலையத்துக் கிளையை இடித்துக் கட்ட மூடினீர்கள். அங்கிருந்த பதினோராயிரம் புத்தகங்களையும் என் தலையில் கட்டினீர்கள். இப்போது என் நூலகத்தின்மேல் ஒரு மாடி எழும்புகிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து நான் நூலகம் நடத்த வேண்டும். அகராதிகளைத் திறந்தால் சிமெண்டுத் தூசி பறக்கிறது. துளைபோடும் சத்தத்தில் ஒரு சொல் காதில் விழுவதில்லை. நேற்று தேனீ வளர்ப்புப் புத்தகம் கேட்டவருக்குத் தேயிலை பயிரிடும் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். விஷயம் வேறு. வாசிப்புக் கூடத்தில், பத்திரிகை மேஜைக்கு மேலே, ஜன்னல் மூலையிலிருந்து கூரைவரை சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. போன மாதம் இல்லை. சைட் இன்ஜினியரிடம் காட்டினேன். “பூச்சு வெடிச்சிருக்கு மேடம், பெயிண்ட் அடிச்சா போயிடும்” என்றார். அவருக்கும் மேலே பொறுப்பு உனக்குத்தான். ரயிலில் இரண்டு மணி நேரப் பயணம். ஒருநாள் வந்து பார்.

அக்கா

ஜனவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். தேயிலை விஷயத்துக்கு என் மனைவி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

பழைய சுவரில் புது எடை ஏறினால் பூச்சு கொஞ்சம் வெடிக்கத்தான் செய்யும். பயப்பட ஒன்றுமில்லை. சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் எங்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போவாய். என் கையில் இப்போது ஒன்பது ஊர் வேலைகள் இருக்கின்றன. உங்கள் ஊர்த் திறப்பு விழா மார்ச்சில் என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். மாதக் கடைசியில் கட்டாயம் வருகிறேன். அதுவரை கூடத்தை மட்டும் மூடிவிடாதே. மூடினால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

மாதக் கடைசியும் போயிற்று, நீயும் வரவில்லை.

பூச்சு என்று நீங்கள் இருவரும் சொன்னீர்களே, அதனால் ஒரு வேலை செய்தேன். புத்தகத்தில் ஒட்டும் தேதிச் சீட்டு நாலு எடுத்து, தேதி எழுதி, விரிசலுக்குக் குறுக்கே பசை போட்டு ஒட்டினேன், விரிசல் அகன்றால் கிழியட்டும் என்று. எட்டு நாளில் நாலும் கிழிந்துவிட்டன. குழந்தைகள் பிரிவுக் கதவு இப்போது தோளால் இடித்தால்தான் திறக்கிறது. போதாக்குறைக்குக் கிளைப் புத்தகங்கள் அத்தனையையும் மூட்டை மூட்டையாக மேல்மாடியில், அதே மூலையில், அடுக்கிவிட்டார்கள். என் மேலதிகாரியிடம் போனில் சொன்னால், “உங்க தம்பிதானே இன்ஜினியர், அவர்கிட்டயே கேளுங்க” என்கிறார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

இன்னொன்று. சைட் அலுவலகத்தில் ஒரு தாள் குத்தி வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி நாலாம் தேதி நீ நேரில் வந்து பார்த்ததாகவும் சுவர் உறுதியாக இருப்பதாகவும் அதில் எழுதியிருக்கிறது. கீழே உன் கையெழுத்து. நாலாம் தேதி முழுக்க நான் இங்கேதான் இருந்தேன். நீ என் ஊருக்கு வந்து என்னைப் பார்க்காமல் போனாயா, இல்லை வரவே இல்லையா? இரண்டில் எது என்றாலும் எனக்கு வருத்தம்தான்.

அக்கா

பிப்ரவரி 12

அக்கா,

அந்தத் தாளைப் பற்றியெல்லாம் கடிதத்தில் எழுதாதே. அலுவலகத்தில் எது எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. நீ புத்தகத்தைப் பார், கட்டடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கூடம் திறந்தே இருக்கட்டும். இதற்கு மேல் நச்சரிக்காதே.

தம்பி

பிப்ரவரி 17

தம்பிக்கு,

நேற்றுக் காலை கூடத்தைப் பூட்டிவிட்டேன். சாவி என் கைப்பையில் இருக்கிறது. சைட் இன்ஜினியர் வந்து, “யார் மேடம் உங்களுக்கு ஆர்டர் கொடுத்தது?” என்று கேட்டார். “யாரும் கொடுக்கல” என்றேன். மதியத்துக்குள் மேலதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. நான் கேட்ட மின்விசிறி வர இரண்டு வருடம் ஆயிற்று. இது மூன்று மணி நேரத்தில் வருகிறது.

வாசகர்களிடம் வாங்கிய ஏச்சு தனி. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தினம் வருவார். “இருபது வருஷமா இதே நாற்காலி. பேப்பர் படிக்கிறவன் மேல சுவரா விழும்?” என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். எதிர்ப்பக்க நடைபாதையில் இரண்டு பெஞ்சு போட்டுப் பத்திரிகைகளை அங்கே கொடுத்தேன். காற்றில் பறக்கிறது என்று அதற்கும் குறை.

உன்னிடம் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. சொல்லிவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அக்கா

பிப்ரவரி 25

தம்பிக்கு,

செய்தி உனக்கு அன்றைக்கே வந்திருக்கும். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்த மூலை இறங்கிவிட்டது. சுவரும் கூரையும் மேலிருந்த புத்தக மூட்டைகளும் பத்திரிகை மேஜைமேல். அன்று வேலையாட்கள் பின்பக்கம் இருந்தார்கள். உள்ளே ஒருவரும் இல்லை. தூசி அடங்கியதும் பார்த்தால் தபால்காரரின் நாற்காலி தெரியவில்லை. அவர் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பேப்பரை மடித்துக்கூட வைக்கவில்லை. நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கத் தெரியாதவர்போல டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது விசாரணைக் குழு. அவர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள். “ஆபத்துன்னு தெரிஞ்சிருக்கு. பின்ன ஏன் எழுத்துமூலமா யாருக்கும் தெரிவிக்கல?” விரிசலை நான் காட்டவே இல்லை என்று சைட் இன்ஜினியர் சொல்லிவிட்டார். மேலதிகாரிக்கு என் போன் ஞாபகம் இல்லையாம். யாருக்காவது எழுதினீர்களா என்று கேட்டபோது, “வீட்டுக் கடிதம்தான் எழுதுவேன்” என்றேன். பதில் திருப்தியாக இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். வேலை நிலைக்குமா என்று தெரியாது.

உன் இரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. கொடுத்தால் நான் தப்பிப்பேன். கொடுக்கவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என் தம்பியை நானே பிடித்துக் கொடுத்தேன் என்று ஆயுள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். நீ என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று குழுவின் முன் போனேன். ஜனவரி ஒன்பது, பிப்ரவரி எட்டு, பதினேழு என்று நீ எழுதிய கடிதங்களை அவர்களிடம் கொடுத்தேன். நான் எழுதியதையும் சொன்னேன். “நாலாம் தேதி எங்கே இருந்தீங்க?” என்றார்கள். “என் மேஜையில. பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்” என்றேன். அதற்கப்புறம் அவர்கள் அதிகம் கேட்கவில்லை.

இன்று காலை இடைநீக்க உத்தரவு வந்தது. வழக்கும் வரலாம். வீட்டில் சொல்லிவிட்டேன். உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று குழுத் தலைவரே சொன்னார்.

பூச்சு என்று எழுதினேனே, உண்மையில் உன் கடிதத்தைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம்தான். வந்து பார்த்தால் வேலையை நிறுத்த வேண்டியிருக்கும். அதற்குப் பயந்துதான் வரவில்லை. அந்தத் தபால்காரர் பேப்பர் படிப்பது கண்ணை மூடினால் வருகிறது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை வண்டியில் வரலாமா? அதிகாரியாக இல்லை. உன் வீட்டுக்கு.

தம்பி

மார்ச் 5

தம்பிக்கு,

வா. வருவதற்கு என்ன கேள்வி?

கோபம் போய்விட்டது என்று நினைத்து வராதே. அது இருக்கிறது, இன்னும் ரொம்ப நாள் இருக்கும். உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா. அவளிடமாவது நான் பேசுவேன்.

இடிபாட்டுக்கு அடியிலிருந்து நாலாயிரம் புத்தகங்களை வெளியே எடுத்துவிட்டோம். மிச்சம் கிடக்கிறது. ஒவ்வொன்றாகத் துடைத்து, பள்ளிக்கூட வராந்தாவுக்குக் கொண்டுபோய் அடுக்க வேண்டும். ஆள் போதவில்லை. தபால்காரர்கூடத் துணியும் கையுமாக வந்து உட்கார்கிறார். நீ யார் என்று அவரிடம் நீயே சொல்லிக்கொள்.

பழைய சட்டை எடுத்து வா. தூசி போகவே போகாது.

அக்கா