மணிலாவிலிருந்து வராத காரணம்

என் உயிருக்கு உயிரான மச்சானுக்கு,

நீங்கள் மணிலாவில் மவுத்தாகி இரண்டு நோன்பு வந்து போய்விட்டது. இன்று ஒரு சேதி சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். நீங்கள் வேலை பார்த்த அதே ஜவுளிக்கடையில் என் தம்பி காதருக்கு இடம் கிடைத்திருக்கிறது. முதலாளி கேட்பது ஒன்றுதான்: கடைக்கு வருகிறவர்களோடு ஸ்பானிஷ் பேச வேண்டுமாம்.

செல்லூரில் தறி நெய்கிறவனுக்கு அதை யார் சொல்லிக்கொடுப்பது? விடுப்பில் வந்திருந்தபோது விளையாட்டாக எனக்குக் கற்றுத்தந்தீர்களே, அது என் தலையில் வந்து விடிந்தது.

எதிர்காலம் சொல்லும் முறையில் தொடங்கினேன். "டேய், 'வோல்வெர்'னா திரும்பி வர்றது. அதோட வால்ல ஒரு 'ஏ' ஒட்டு. வோல்வெரே. திரும்பி வருவேன். அம்புட்டுத்தான்."

மாமி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்கள். "அதைச் சொல்லாதடி! எம் மகன் வாசல்ல நின்னு அதைத்தான் சொன்னான். இன்ஷா அல்லாஹ் சொல்லாமப் போனான். அதான் போயே போயிட்டான்."

இன்ஷா அல்லாஹ் சேர்க்காமல் நம் வீட்டில் நாளைக்கு என்ன குழம்பு என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அன்று நீங்கள் என்னைச் சிரிக்கவைக்கத்தானே அப்படிச் சொன்னீர்கள்? அந்த ஒரு சொல்லா உங்களைக் கொன்றது? மாமி மேல் ஆத்திரமாக வந்தது. இல்லை என்று அடித்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மறுநாள் காரணம் சொல்லும் முறை. நாம் காரணத்தை முன்னால் சொல்வோம்: மழை பெய்ததால் கடை மூடினோம். அவர்கள் பெரும்பாலும் நடந்ததை முதலில் சொல்லி, 'போர்கே' போட்டு, அப்புறம்தான் காரணத்துக்கு வருவார்கள். கடை மூடினோம், போர்கே, மழை பெய்தது. காதர் கெட்டிக்காரன், உடனே பிடித்துக்கொண்டான். "நான் ஒண்ணு சொல்லவாக்கா? மச்சான் மவுத்தாயிட்டாரு, போர்கே..."

அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தந்தியில் உங்கள் சாவு மட்டும்தான் இருந்தது. எழுதிக் கேட்டோம், முதலாளி அதற்கு மட்டும் பதிலே போடவில்லை.

"நேர்ல கேட்டுட்டு வாரேன்க்கா. அதுக்குத்தான் போறேன்" என்றான்.

பிழைக்கப் போகிறான் என்றல்லவா நினைத்திருந்தேன்! போகாமல் இருக்கட்டும் என்று பாடத்தை நிறுத்திப் பார்த்தேன். தறியில் உட்கார்ந்து தனக்குத்தானே தப்புத்தப்பாக உளறிக்கொண்டிருந்தான். இதோடு போய் அந்த ஊரில் இறங்கினால் என்ன ஆவான்? மறுபடியும் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

நேற்று ரயிலேற்றினோம். உங்களுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் எனக்கு இன்னும் தூக்கமில்லை, மச்சான். ஆனாலும் உங்கள் மேல் சத்தியம். அவன் திரும்பி வந்து வாசலில் நிற்கும்போது காரணத்தைக் கேட்க மாட்டேன். முகம் கழுவச் சொல்லிச் சோறு போடுவேன். அவன் வெறுங்கையோடு வந்தால்கூடப் போதும்.

உங்கள் மனைவி,
காதருக்கு அக்கா,
ஜைனம்பு