ராமாத்தாள் பேசிய ஒரு வரி

இன்று காலை பக்கத்து வீட்டில் தேங்காய் எண்ணெயில் கரி குழைக்கும் வாசனை வந்தது. பள்ளி நாடகத்தில் அரக்கி வேடமாம். அம்மாக்காரி மகளின் முகத்தில் பூசிக்கொண்டிருந்தாள். எனக்கு உன் நினைவுதான் வந்தது. நீ இறந்துபோன செய்தி பெருந்துறையிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

அறுபதுகளின் தொடக்கம். நம் மில்லின் ஆண்டு விழாவுக்காக இருபது நிமிடப் பேய்ப்படம் ஒன்று எடுத்தார்கள். ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த நான் சிவப்பு. அதனால் வீட்டு எஜமானி. ரீலிங்கில் நூல் சுற்றிக்கொண்டிருந்த நீ பேய். "உனக்கு மேக்கப்பே வேண்டாம்" என்றார் படமெடுத்த ஸ்டோர் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் நீ தனியே அவரிடம் போய்ப் பேசினாய். என்ன பேச்சு என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க்கா, ஒரு சந்தேகமுங்க" என்று நழுவினாய். என் வேடத்தைத்தான் கேட்கிறாய் என்று முடிவு கட்டிவிட்டேன். எஜமானியின் பட்டுப்புடவையை நீ தொட்டுப் பார்த்ததுகூட எனக்குக் களவாகத் தெரிந்தது.

மேனேஜர் வீட்டில் நடந்த படப்பிடிப்பன்று கரிக்கிண்ணத்தை நீ தள்ளி வைத்தாய். "நான் இந்த மூஞ்சியோடயே வாரேனுங்க. அந்தப் பொண்ணுக்குப் பேரு வச்சு, எப்படிச் செத்தாள்னு ஒரு வரி பேச உட்டாப் போதுமுங்க."

"பேய்க்கு எதுக்கம்மா பேரு?" என்றார் அவர். ஆனாலும் ஒப்புக்கொண்டார். அந்த மூன்று நாளும் நீ கேட்டது அதைத்தான். கேமரா முன்னால் நின்று அமைதியாகச் சொன்னாய்: "என் பேரு ராமாத்தாளுங்க. இந்த ஊட்டுக் கெணத்துலதான் என்னையத் தள்ளிப்போட்டாங்க."

நான் என் வரியை மறந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பயம் வந்தது: இனி என்னை யார் பார்ப்பார்கள்?

விழாவில் படம் ஓடியது. உன் முகம் வந்தது, வாய் அசைந்தது, குரல் இல்லை. அந்த வரியை மட்டும் ஒலியிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். ரீலிங் பெண்கள் "என்ன சொல்லுதுங்க அது?" என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். நீ கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று அந்த வரியைச் சொன்னாய். சிரிக்க வந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் மேனேஜர் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாரமே உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

மில் கேட்டில் நின்று என்னிடம் கேட்டாய்: "யாரு சொல்லி அந்த வரிய எடுத்திருப்பாங்க்கா?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன். சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டாய். பிறகு, "போயிட்டு வாரேனுங்க மேடம்" என்றாய். அதுவரை ஒருநாளும் நீ என்னை மேடம் என்றதில்லை.

உனக்குத் தெரிந்திருந்ததா, சும்மா சந்தேகம்தானா? இத்தனை வருடமாக அதைத்தான் யோசிக்கிறேன். நான்தான் சொன்னேன். "தன் வீட்டுக் கிணற்றைத்தான் சொல்கிறார்கள் என்று மேனேஜர் நினைக்கப்போகிறார்" என்று சூப்பர்வைசரின் காதில் போட்டது நான்தான். அந்தக் கேட்டிலேயே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.