விசிறியை நிறுத்திய நேரம்

மருதமுனை,
18.9.1956

அன்புள்ள மச்சான் கலந்தருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முனாப் எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். துணியில் படம் விழுத்திக் காட்ட நீ செய்யச் சொன்ன படப்பெட்டிக்குத்தான் சுகமில்லை; அதனால் எனக்கும் இல்லை. ஸ்டூடியோவில் வேலைக்கு நடுவே நின்றுகொண்டு இதை வாசிக்காதே. அறைக்குப் போய் உட்கார்ந்து வாசி.

கொழும்பில் இருந்துகொண்டு நீ நாலு வரியில் எழுதிவிட்டாய். ஒரு பெட்டி, லொறி விளக்குக் குமிழ் இரண்டு, முன்னால் ஒரு வில்லை, சூடு தணிக்க ஒரு சின்ன விசிறி, முடிந்தது வேலை என்று. லொறிக்கு வயர் இழுக்கிறவன்தானே, செய்வான் என்று நினைத்திருப்பாய். செய்தேன். தேயிலைப் பெட்டியில் செய்தேன். அதுதான் நான் விட்ட முதல் பிழை. மெல்லிய பலகை. விசிறி சுழலத் தொடங்கியதும் பெட்டி முழுவதும் றபான் மேளம் மாதிரி அதிர்ந்தது.

மோட்டாருக்கு அடியில் சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்தேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது. உள்பக்கம் பஞ்சு வை என்று நீ எழுதினாய். பஞ்சுக்கு எங்கே போக? தறிக்காரர்களிடம் கழிவு நூல் வாங்கித் திணித்தேன். நூல் காற்றுத் துளைகளை அடைத்து, மிச்சம் விசிறியில் சுற்றிக்கொண்டது. பெட்டியைத் தொட முடியாத சூடு. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். பிறகு விசிறியை வெளியே வைத்துத் தகரக் குழாயால் காற்றை உள்ளே விட்டேன். அது விசில் அடித்தது. விசிறியின் இலைகளைச் சிறிதாக்கினால் சத்தம் குறையும் என்று வெட்டினேன். ஒன்று கூட ஒன்று குறைய வெட்டுப்பட்டு, விசிறி நடுங்கத் தொடங்கியது. பத்து நாள் என் உயிரை வாங்கிவிட்டது, மச்சான். உன்னையும் நன்றாகத் திட்டினேன், மறைக்கவில்லை.

இவ்வளவு பாடும் எதற்கு என்று உனக்குத் தெரியும். உன் வாப்பா ஹஜ்ஜுக்குக் கப்பலேறிய அன்று துறைமுகத்தில் நீ பிடித்த ஒரேயொரு படம். அதைக் கண்ணாடியில் பதித்து அனுப்பினாய். அவர் உன் உம்மாவுக்குச் சொல்லிவிட்ட வார்த்தையை ஒரு தாளில் எழுதி, படம் விழும்போது வாசித்துக் காட்டு என்றாய். மக்காவில் அவர் மௌத்தாகி, அங்கேயே அடக்கமாகி மூன்று வருடமாகிறது. மூன்று வருடமும் நீ ஊருக்கு வரவில்லை. வாப்பாவின் காய்ச்சலை வீட்டுக்கு மறைத்துத்தான் கப்பலேற்றினேன் என்று எனக்கு மட்டும் எழுதினாய். இன்றுவரை நான் அதை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு உங்கள் நெல்லறையின் கதவையெல்லாம் சாத்தினோம். நடுவில் வெள்ளைத் துணி கட்டினேன். இந்தப் பக்கம் நானும் பெட்டியும். அந்தப் பக்கம் உன் உம்மாவும் உன் தங்கை ஜுனைதாவும். உன் உம்மா அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரமாட்டார் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே படமும் துணியைத் தாண்டித்தான் தெரிய வேண்டும், என் குரலும் துணியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

படம் நன்றாக விழுந்தது. வாப்பா கப்பலின் ஏணிப்படி அருகே நிற்கிறார். தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். “கேக்கல்ல முனாப் காக்கா” என்றாள் ஜுனைதா. உரத்து வாசித்தேன். அதுவும் கேட்கவில்லை. கத்தினேன். மௌத்தானவர் மனைவிக்குச் சொல்லிவிட்ட வார்த்தையை மீன் ஏலம் கூறுகிற மாதிரிக் கத்த எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் விசிறியை நிறுத்தாதே என்று நீ எழுதியிருந்தாய். ஒரு நிமிடம் போதும் என்று நிறுத்தினேன்.

சத்தம் நின்றதும் உன் உம்மா மகளிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. “இந்த வெயிலுக்குள்ள வாப்பா சால்வையப் போத்தியிரிக்கார் பாரு. மேலுக்கு ஏலாம, காய்ச்சலோடதான் இரிந்திரிக்கார்.”

தாளைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். விசிறி என்ற ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. படீர் என்று சத்தம் கேட்ட பிறகுதான் பார்த்தேன். கண்ணாடி குறுக்கே வெடித்து, வாப்பாவின் முகம் இருந்த இடம் கருகிப் போயிருந்தது. அல்லாஹ்வுக்காக என்னை மன்னித்துக்கொள். குற்றம் என்னுடையதுதான்.

இதில் இன்னும் எரிச்சல் என்ன தெரியுமா? மறுநாள் கோபத்தில் மோட்டாரைக் கழற்றி, பெட்டியில் எங்கும் முட்டாமல் நாலு ரப்பர்ப் பட்டியில் தொங்கவிட்டேன். அரை மணித்தியால வேலை. மூச்சு விடுகிற சத்தம்தான் வருகிறது. காட்டத்தான் படம் இல்லை.

அன்று பின்னேரம் தாளையாவது வாசித்துக் காட்டலாம் என்று உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் உம்மா கதவுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்றார். “அது அவர் மகன்ட கையில நம்பிக் குடுத்த அமானிதம். அவன்ட வாயால வரட்டும், முனாப்” என்றார். படம் போனதற்கு என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

எழும்பும்போது, கலந்தருக்கு என்ன எழுத என்று கேட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: “வாப்பா ஹஜ்ஜுக்குப் போறண்டு நிண்டா ஆர் மறிச்சாலும் நிக்க மாட்டார். காய்ச்சலெண்டு அவருக்குத் தெரியாமலா ஏறினார்? அத மட்டும் எழுதுங்க.”

எழுதிவிட்டேன். உன் தாளையும் இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். நெகட்டிவ் இருந்தால் கையோடு கொண்டு வா. தபாலில் அனுப்பினால் வாங்கமாட்டேன். மட்டக்களப்பு ரயிலில் ஏறு, அங்கே நான் லொறியோடு வந்து நிற்பேன். அல்லாஹ் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக. உனக்கு ஸலாம் ஏதும் எழுதவா என்று உன் உம்மாவிடம் கேட்டேன். நீ வந்து வாசலில் நின்று ஸலாம் சொன்னால் பதில் சொல்வாராம்.

உன் மச்சான்,
முனாப்