அண்ணன் குடிகாரர் இல்லை

அன்புள்ள சின்னுவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள். நானும் அப்படியே என்று வழக்கம்போல் எழுத முடியவில்லை, அதனால்தான் போனில் சொல்லாமல் கடிதம். கை ஒத்துழைக்காததால் மூன்று நாளாக எழுதுகிறேன், கோணலைப் பொறுத்துக்கொள்.

இரண்டு மாதம் முன்பு சலூனில் டிராயிங் மாஸ்டருக்குக் கிருதா ஒதுக்கும்போது கை தானாகத் துள்ளி, காதோரம் ரத்தம் வந்துவிட்டது. முப்பத்தொரு வருடத் தொழிலில் யாருக்கும் இப்படி ஆனதில்லை. அவர் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, "காது இன்னொண்ணு இருக்கு, பரவாயில்ல. நீங்க முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றார். நான் தட்டிக்கழித்தேன், அம்மா விடவில்லை. ஒரு வருடமாகவே என் தோளும் விரலும் சும்மா இருப்பதில்லை என்று கவனித்து வந்தாளாம். நரம்பு டாக்டரம்மா மூளையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். குழாய் மாதிரி மெஷினுக்குள் படுக்கவைத்து அசையாதீர்கள் என்றார்கள், அசையாமல் இருக்க முடிந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? இரண்டாம் தடவைதான் படம் சரியாக விழுந்தது. மூளையின் உள்ளே ஒரு பகுதி சுருங்கியிருப்பதைக் காட்டிவிட்டு, "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று உன் பெரியப்பா முகம் வந்தது. தள்ளாட்டம், குழறல், காரணமில்லாத கோபம். தெருவே அவரைக் குடிகாரர் என்றது, நானும்தான். உன் கல்யாணத்துக்கு வந்தவரை வாசலிலேயே மடக்கி, மானத்தை வாங்காதே என்று திருப்பி அனுப்பினேன். இது உனக்குத் தெரியாது. மறுவருடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ரத்தப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. ஹண்டிங்டன் நோயாம், ஒரே ஒரு மரபணுவின் கோளாறு, பெற்றவர்களிடமிருந்து வருவது. எங்கள் அப்பா இளவயதில் விபத்தில் போனதால் அவருக்கு இருந்ததே தெரியாமல் போயிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. போன வாரம் உன் பெரியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்போர்ட்டை அவர் தொடக்கூட இல்லை. "அவர் குடிக்கலன்னு நான் தொண்டை கிழியச் சொன்னேன். மெஷின் சொன்னாத்தான் நம்புவீங்க, இல்ல?" என்றார். தண்ணீர் கொடுத்தார், பாதி சட்டையில் சிந்தியது. டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்கவைத்து, "அவருக்கும் இப்பிடித்தான் குடுப்பேன்" என்றார்.

இனி உன் விஷயம். இது உனக்கு வந்திருக்கப் பாதி வாய்ப்பு, வராமலிருக்கவும் அதே பாதி. குழந்தைக்கு யோசிக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள், அதற்குமேல் மறைக்க மனம் வரவில்லை. பரிசோதனை செய் என்றும் சொல்லமாட்டேன், செய்யாதே என்றும் சொல்லமாட்டேன். இதற்கென்றே ஆலோசனை சொல்பவர்கள் உண்டாம், முதலில் அவர்களிடம் மாப்பிள்ளையோடு போய்ப் பேசு. கண்டதைப் போனில் தேடிப் படித்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. எனக்கு நோய் குணமாகாது, துள்ளல் மாத்திரைக்குக் கொஞ்சம் கட்டுப்படுகிறது. கத்தரியைத் தொடுவதில்லை. ஆனாலும் தினமும் கடைக்குப் போய் உட்கார்ந்து வாயடிக்கிறேன், அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

எந்தக் குறையும் அண்டாமல் நீங்கள் இருவரும் நெடுநாள் வாழவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, பெரியம்மாவுக்குப் போன் செய். என்ன பேசுவது என்று தயங்காதே, பெரியப்பா எப்படிப்பட்டவர் என்று கேள். இத்தனை வருடத்தில் பெரியம்மாவிடம் யாருமே அதைக் கேட்டதில்லை.

உன் அப்பா