ஆட்டக் கூடாது

படப்பை,
3.8.2004

அன்புள்ள மதினிக்கு,

இசக்கிசெல்வி எழுதுவது. நான் நலம். ஹாஸ்டல் சாம்பார்தான் நலமில்லை. அண்ணனுக்கு ஆபரேஷன் முடிந்ததை நம்ம ஊர் நயினார் கடைப் போனிலிருந்து சொன்னார்கள். சர்க்கரைக்கு ஊசி குத்திக் குத்திப் புண்ணான வயிற்றுக்குள் இனி ஊசி வேண்டாமல் தானாக மருந்து இறக்கும் எங்கள் ஒரகடம் கம்பெனிப் பம்பு இருக்கிறது என்று லைன் முழுக்கச் சொல்லிவிட்டேன். அதற்குள் இருக்கும் சின்ன எடைக்கட்டியைப் பொருத்துவது நான்தான். எங்கள் தட்டுகளில் 'ஆட்டக் கூடாது' என்று ஒட்டியிருக்கும். ஆட்டினால் சூப்பர்வைசர் கத்துவார். அதனால் அண்ணனை அசையாமல் படுக்க வையுங்கள்.

உங்கள்
செல்வி

மேலக்குளம்,
12.8.2004

அன்பு செல்விக்கு,

மதினி எழுதுவது. டாக்டர் நன்றாக நடக்கச் சொன்னார். சர்க்கரைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் சொல்வது அதுதானே. உங்க அண்ணனோ, "செய்யுதவளுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரிஞ்சிரப் போவுது" என்று படுத்துவிட்டார். எல்லாம் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஊசியையும் நிறுத்தியாயிற்று. நடந்தபோது வயிற்றில் டிக் டிக் என்று கேட்ட சத்தம் இப்போது இல்லை. ஆனால் இரண்டு நாளாகத் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், வாந்தியும் எடுக்கிறார். பம்பு பழகும்வரை இப்படித்தானா? கேட்டு எழுது.

உன் மதினி
பேச்சி

படப்பை,
16.8.2004

மதினி,

அண்ணனை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். உங்கள் கடிதத்தைச் சூப்பர்வைசர் கன்னியப்பனிடம் காட்டினேன். "இன்னாம்மா இது? அதுக்கு பேட்டரியே கெடையாது. ஆளு நடந்தாத்தான் வெயிட்டு ஆடும், ஆடுனாத்தான் மருந்து எறங்கும்" என்றார். தட்டில் ஒட்டியிருப்பது பசை காயும்வரைக்கும்தானாம். ஆறு வருஷமாக அதைப் பொருத்துகிறேன், எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை. நயினார் கடைக்குக் காலையிலிருந்து போன் போடுகிறேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. தந்தியும் கொடுத்துவிட்டேன். நானும் இன்றே பஸ் ஏறுகிறேன்.

செல்வி

மேலக்குளம்,
4.9.2004

செல்விக்கு,

நீ போன் போட்ட நேரம் நயினார் கடையைப் பூட்டிவிட்டு இடுகாட்டுக்குப் போயிருந்தார். நீ வந்து இருந்த மூன்று நாளும் நான் உன்னிடம் பேசவில்லை. கோபம் இல்லை. கோபம் வந்தாலாவது நன்றாக இருக்கும். சோறு பொங்குகிறேன், அது வேகிறது, இறக்கி வைக்கிறேன். உன் முதல் கடிதத்தை யாரிடமும் காட்டாமல் அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பாடை தூக்கிய மாசானம் நேற்றுத்தான் வந்து சொன்னான். குளத்து மேட்டில் மேளம் நின்றதும் அவர் வயிற்றுக்குள் டிக் டிக் என்று கேட்டதாம். நடக்க நடக்கக் கேட்டதாம். குழியில் இறக்கிய பிறகுதான் நின்றதாம்.

நீ பொருத்தியதில் குறை இல்லை. இனி எழுத வேண்டாம்.

பேச்சி