கறை போகாத யூனிபார்ம்

சாராளு,

இப்பல்லாம் டாக்டரைக் கேக்கறதில்ல, போனைப் பாத்து மாத்திரை முழுங்குறாங்க. திங்கிற கொழுப்பு ஒடம்புல சேராமத் தடுக்குமாம்! நீயும் முழுங்கி, எண்ணெயா வயித்தால போயி, கம்பெனி பஸ்லயே துணி கறையாகி, மூணு நாளா வேலைக்குப் போகாம படுத்துக்கினு இருக்க. பக்கெட்டுக்குப் பின்னால நீ ஒளிச்சு வெச்ச யூனிபார்மைத் தொவச்சுப் போட்டேன். கறை முழுசாப் போகல.

தூங்குற, எழுப்பல. எண்ணெய் ஊத்தாம ரசம் வெச்சிருக்கேன், சாப்பிடு.

பொண்ணு பாக்க வந்தவங்க குண்டுன்னு சிரிச்சப்ப நானும் கூடச் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாதும்மா.

அப்பா

மாத்திரையைத் தூக்கிப் போடத்தான் எடுத்தேன். அழுவியேன்னு திரும்ப அலமாரியிலயே வெச்சுட்டேன். மூணு கிலோ குறைஞ்சிருக்குன்ற. எனக்கு உன் மூஞ்சி வாடினதுதான் தெரியுது. வாட்ச்மேன் டூட்டிக்கு நேரமாச்சு, போறேன்.