நாலு துண்டு சேரும் மூலை

மார்ச் 3

மருமகள் தன் அம்மாவின் உடுப்புகளைச் சதுரமாக வெட்டிப் போர்வை தைக்கிறாள். அம்மா போனதிலிருந்து அவள் அப்பாவுக்குத் தூக்கமில்லை, அவருக்காக. நாலு துண்டு சேரும் மூலைகளில் மடிப்பு ஏறிக் கட்டி மாதிரி புடைத்திருக்கிறது. இன்று ஊசி உடைந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். “என்னம்மா, சம்பந்தி முதுகைப் பதம் பார்க்கவா தைக்கிறே?” என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

மார்ச் 4

அவள் வேலைக்குப் போனதும் கத்திரிக்கோலை எடுத்தேன். சட்டைக் காலர் முனையில் செய்வது போல, மூலைக்கு மூலை உள்பக்கத் துணியைத் தையலை ஒட்ட நறுக்கினேன். தேய்த்ததும் அப்பளமாகப் படிந்தது. சாயங்காலம் தடவிப் பார்த்து, “தேச்சீங்களா மாமா? எவ்ளோ அழகா உட்கார்ந்திருக்கு!” என்றாள். தேய்த்தேன் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 9

உள்ளே பஞ்சை வைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டியபோது மூலைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. நூல் நூலாக.

“எனக்குத் தைக்கவே தெரியல மாமா. அம்மா துணியெல்லாம் பாழாக்கிட்டேன்.”

மகன் போர்வையை என்னிடம் நீட்டினான். “நீங்க பாருங்கப்பா.” பார்த்தேன். பார்க்க என்ன இருக்கிறது? காலருக்குள் விறைப்புக்குக் கேன்வாஸ் இருக்கும், அதை யாரும் பிடித்து இழுப்பதில்லை. இது தெரியாதா எனக்கு? ஆயுசெல்லாம் தையல்காரன்!

“நூல் மட்டம்” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

மார்ச் 10

சோறு இறங்கவில்லை.

மார்ச் 11

சமையலறையில் சொல்லிவிட்டேன். “வெட்டினது நான்தாம்மா.”

அடுப்பை அணைத்தாள். திரும்பவில்லை. “அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ரெண்டு நாள் அழுதிருக்க மாட்டேன் மாமா.”

திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 13

பிய்ந்த ஓரங்களைக் கழித்துச் சதுரங்களைச் சிறிதாக்கிவிட்டாள். வேறு துணி சேர்க்க மனமில்லை அவளுக்கு. எனக்கு இஸ்திரிப்பெட்டி மட்டும். ஒரு வரிசையின் மடிப்பை இடப்பக்கம் படிய வைக்க வேண்டும், அடுத்த வரிசையினதை வலப்பக்கம். சேர்க்கும்போது மடிப்பின்மேல் மடிப்பு ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. வெட்டவே வேண்டியதில்லை. கத்திரிக்கோல் அவள் மடியில் இருந்தது.

மார்ச் 20

சம்பந்தி வந்தார். போர்வையை முகத்தோடு வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு விரித்துப் பார்த்து, “கொஞ்சம் குட்டையா இருக்கேம்மா?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: “துணி அவ்ளோதாம்ப்பா இருந்துச்சு.” என் பக்கம் பார்க்கவில்லை. நானும் தலையாட்டினேன், பாவி.

“போதும், போதும்” என்று சோபாவில் படுத்து, காலை மடக்கி அதற்குள் அடங்கினார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. தூக்கத்தில் கால் நீண்டு, பாதம் இரண்டும் வெளியே வந்துவிட்டன. மருமகள் ஒரு துண்டைக் கொண்டுவந்து போர்த்தினாள். நான் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.